பழைய காருக்கு உத்தரவாதம்: வாங்கலாமா, வேண்டாமா?

வீட்டுக்கு ஒரு கார் என்பதை இன்று ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. முதிய பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பெண் மக்கள் கல்லூரிக்குச் சென்று திரும்ப வேண்டும். திருமணம், ஜனாஸா என்று உறவினர் ஊர்களுக்குக் குடும்பத்தோடு பயணப்பட வேண்டும். புதிய கார் வாங்கும் வசதி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. வட்டிக் கடனுக்கு அஞ்சி, கையிலிருக்கும் தொகைக்குள் அடங்கும் பழைய காரைத் தேடுவோர் நம் சமுதாயத்தில் ஏராளம். அந்தத் தொகை வளைகுடா நாட்டில் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்ததாக இருக்கலாம். இல்லத்தரசியின் நகையை விற்றுத் திரட்டியதாகவும் இருக்கலாம். எப்படியாயினும், ஒருமுறை இழந்தால் எளிதில் திரும்பக் கிடைக்கும் பணம் அன்று அது.

கார் பிடித்துப்போய், விலையும் பேசி முடித்து, முன்பணம் கொடுக்கப் போகும் நேரத்தில் விற்பனையாளர் இன்னொரு தாளை எடுத்து மேசைமேல் வைக்கிறார். "இன்னும் கொஞ்சம் கட்டினால் ஓர் ஆண்டுக்கு வாரண்டி உண்டு, எஞ்சினுக்கு எது நேர்ந்தாலும் உங்களுக்குக் கவலையில்லை" என்கிறார். கவலையில்லை என்ற சொல்லைக் கேட்டதும் மனம் இளகிவிடுகிறது. தாளைப் படியாமலே கையெழுத்திடுவோர் பலர். "இதெல்லாம் ஏமாற்று வேலை" என்று தாளைப் படியாமலே தள்ளிவிடுவோரும் உண்டு. இரண்டுமே சரியான முடிவுகள் அல்ல. அந்தத் தாள் எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை என்பதை அறிந்த பின்னரே முடிவெடுக்க வேண்டும்.

காப்பீடு வேறு, உத்தரவாதம் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். நம் வாகனத்தால் பிறருக்கு நேரும் இழப்புக்கு அது பொறுப்பேற்கிறது. முழுமையான இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் விபத்து, திருட்டு போன்றவற்றால் நம் காருக்கு நேரும் இழப்பும் அதில் அடங்கும். ஆனால் விபத்து ஏதுமின்றி, ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர் பாக்ஸ் பழுதானால் இன்சூரன்ஸ் உதவாது. அவ்வாறு தானாக நேரும் இயந்திரக் கோளாறுக்கு உரியதே வாரண்டி என்னும் உத்தரவாதம்.

அந்த உத்தரவாதத்திலும் பல வகை உண்டு. கார் புதிதாக விற்கப்பட்டபோது தயாரித்த நிறுவனம் கொடுத்தது முதல் வகை. இது முதல் விற்பனை நாளிலிருந்து கணக்கிடப்படும். இத்தனை ஆண்டுகள் அல்லது இத்தனை கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை செல்லும். இரண்டு ஆண்டே ஓடிய காரில் இந்த உத்தரவாதம் இன்னும் மிச்சமிருக்கக் கூடும். அப்படியிருக்க, அதே காலத்துக்குப் பணம் கட்டி இன்னொன்றை வாங்குவது வீண் செலவாகும். முதல் உரிமையாளர் கூடுதல் கட்டணம் செலுத்தி அதே நிறுவனத்திடம் நீட்டித்துக்கொண்ட உத்தரவாதம் இரண்டாம் வகை. கார் எண்ணைக் கூறி நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில் விசாரித்தால் இவ்விரண்டும் உண்டா, புதிய உரிமையாளருக்கு மாறுமா என்பது தெரிந்துவிடும். மின்சார கார்களில் பேட்டரிக்கு எட்டு ஆண்டு உத்தரவாதம் தருவது இன்று வழக்கத்தில் உள்ளது; அது இரண்டாம் உரிமையாளருக்கும் முழுமையாகச் செல்லுமா என்பதைக் கட்டாயம் எழுத்தில் பார்க்க வேண்டும்.

பழைய கார்களைச் சோதித்து விற்கும் நிலையங்கள் தாமே கொடுக்கும் ஆறு மாத அல்லது ஓராண்டு உத்தரவாதம் மூன்றாம் வகை. காரைத் தயாரிக்காத, விற்கவும் செய்யாத வேறொரு நிறுவனம் தனிக் கட்டணம் பெற்றுக்கொண்டு கொடுப்பது நான்காம் வகை. விற்பனையாளர் கடைசி நேரத்தில் நீட்டும் தாள் பெரும்பாலும் இந்த நான்காம் வகையாகவே இருக்கும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "நாளை பழுதானால் செலவை ஏற்பவர் யார்? நீங்களா, வேறொருவரா?" என்பதே.

தாளின் பின்பக்கம்

உத்தரவாதத் தாளின் முன்பக்கத்தில் எஞ்சின், கியர் பாக்ஸ் என்று பெரிய எழுத்தில் இருக்கும். பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருப்பதுதான் முக்கியமானது. பயன்பாட்டில் தேய்ந்துபோகும் பாகங்கள் அதில் சேரா: கிளட்ச் தட்டு, பிரேக் கட்டைகள், டயர், பேட்டரி, பெல்ட், பல்பு, வைப்பர் ஆகியவற்றை வழக்கமாக விலக்கியிருப்பார்கள். பழைய காருக்கு நாம் அடிக்கடி செலவு செய்வது இவற்றுக்குத்தான் என்பதைக் கார் வைத்திருப்போர் அறிவர்.

அடுத்து நிபந்தனைகள். குறித்த காலத்தில், குறித்த சர்வீஸ் நிலையத்தில் பராமரிப்புச் செய்து ரசீது வைத்திருக்க வேண்டும் என்பார்கள். ஒரு சர்வீஸ் தவறினாலும் உரிமை போய்விடலாம். சூடேறிய பின்னும் நிறுத்தாமல் ஓட்டிய எஞ்சின், தண்ணீர் புகுந்த எஞ்சின், வெளியில் எரிவாயு கிட் பொருத்திய கார், வாடகைக்கு ஓட்டிய கார் ஆகியவற்றுக்கும் பொறுப்பேற்பதில்லை. வாங்கும் முன்னரே இருந்த கோளாறு என்று அவர்கள் கருதினாலும் மறுத்துவிட இடமுண்டு. ஒரு பழுதுக்கு இவ்வளவு, மொத்தத்தில் இவ்வளவு என்ற உச்சவரம்பும் இருக்கும்.

எனவே தாளை வீட்டுக்கு எடுத்துச் சென்று, படித்த பிள்ளைகளை அருகில் அமர்த்தி, வரிவரியாகப் படியுங்கள். "இன்றே கையெழுத்திட்டால்தான் உண்டு" என்று அவசரப்படுத்துகிற விற்பனையாளரிடம் இன்னும் ஒரு மடங்கு எச்சரிக்கையாக இருங்கள்.

ஒரு சிறு கணக்கு

எடுத்துக்காட்டாக, நான்கு லட்ச ரூபாய் காருக்கு ஓராண்டு உத்தரவாதம் 16,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் அடங்கும் பெரிய பழுது ஒன்று நேர்ந்தால் 40,000 ரூபாய் செலவாகும் என்றும் கொள்வோம். இத்தகைய பத்து கார்களில் ஓராண்டில் ஒன்றுக்கு அப்பழுது நேருமானால், பத்துப் பேரும் செலுத்தியது 1,60,000 ரூபாய். திரும்ப வந்தது 40,000 ரூபாய். பத்தில் நான்கு கார்கள் பழுதானால்தான் கொடுத்ததும் பெற்றதும் சமமாகும். பத்தில் நான்கு கெட்டுப்போகும் தரத்திலுள்ள காரை உத்தரவாதத்தோடு வாங்குவதைவிட, வாங்காமல் விடுவதே அறிவுடைமை அன்றோ?

உத்தரவாதத்தை விற்கும் நிறுவனம் தன் ஊழியருக்குச் சம்பளமும், விற்றுக்கொடுத்தவருக்குக் கமிஷனும், தனக்கு இலாபமும் அந்தக் கட்டணத்திலிருந்தே எடுக்க வேண்டும். ஆகவே வாங்குவோர் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் கொடுத்ததைவிடக் குறைவாகவே திரும்பப் பெறுவர். எதிர்பாராத பெருஞ்செலவு ஒரே நாளில் தலையில் விழாமலிருக்க நாம் கொடுக்கும் விலை அது. அந்தச் செலவைத் தாங்கும் சேமிப்பு உள்ள குடும்பம் அதே 16,000 ரூபாயைத் தனியே எடுத்து வைக்கலாம். பழுது நேர்ந்தால் அதிலிருந்து செலவிடலாம். நேராவிட்டால் பணம் வீட்டிலேயே இருக்கும். கிளட்ச் தட்டு தேய்ந்தாலும், பேட்டரி போனாலும் அந்தப் பணம் பயன்படும். அதற்குப் பின்பக்கத்து நிபந்தனைகள் இல்லை.

ஒட்டகத்தின் குளம்பு

இதுவரை கண்டது பணக் கணக்கு. இனி மார்க்கத்தின் கண் கொண்டு பார்ப்போம். பழைய வாகனம் வாங்குவதும் விற்பதும் இக்காலத்தில் தோன்றிய சிக்கல் என்று நாம் எண்ணுகிறோம். மத்ரஸாவில் வியாபாரப் பாடத்தை ஓதும் மாணவன் அவ்வாறு எண்ணமாட்டான். அக்கால வாகனமாகிய ஒட்டகத்தின் வாயிலாக இந்தச் சிக்கல் முழுவதும் அங்கே பேசப்பட்டிருக்கிறது.

இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் முஸ்னதில் பதிவான ஒரு நிகழ்ச்சியைக் கேளுங்கள். ஒருவர் ஓர் ஒட்டகத்தை விலைக்கு வாங்கிக்கொண்டு புறப்படுகிறார். நபித்தோழர் வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்கள் கீழாடை தரையில் இழுபட அவர்பின் விரைந்து வருகிறார்கள். இதிலுள்ள குறையை விற்றவர் சொன்னாரா என்று கேட்கிறார்கள். பார்ப்பதற்குக் கொழுத்து ஆரோக்கியமாகத்தானே இருக்கிறது என்கிறார் வாங்கியவர். இறைச்சிக்கு வாங்கினீரா, பயணத்துக்கு வாங்கினீரா என்று அடுத்த கேள்வி வருகிறது. ஹஜ்ஜுக்குச் செல்ல என்று விடை வந்ததும், இதன் குளம்பில் துளை இருக்கிறது என்று தெரிவித்துவிடுகிறார்கள். விற்றவர், என் வியாபாரத்தைக் கெடுக்கிறீரே என்று வருந்துகிறார். அப்போது வாஸிலா (ரலி) அவர்கள், குறையைத் தெளிவுபடுத்தாமல் விற்பது ஆகாது என்றும், அக்குறையை அறிந்த எவரும் சொல்லாமலிருப்பது ஆகாது என்றும் அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதாக அறிவிக்கிறார்கள்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. பொறுப்பு விற்பவரோடு முடிவதில்லை. அறிந்தவர் அனைவரையும் அது சாரும் என்பது ஒன்று. அந்தக் காரை இரண்டு ஆண்டுகளாகப் பழுதுபார்த்த மெக்கானிக்கும், பேசி முடித்துத் தரகு பெறுபவரும், பக்கத்து வீட்டுக்காரரும் இதில் அடங்குவர். "நமக்கேன் வம்பு" என்று மௌனமாக இருப்பதற்கு இங்கே இடமில்லை. எதற்காக வாங்குகிறீர் என்ற கேள்வி இரண்டாவது பாடம். ஊருக்குள் நாளைக்கு நான்கு கிலோமீட்டர் ஓட்டப் போகிறவருக்குப் பொருந்தும் கார், வாரந்தோறும் 300 கிலோமீட்டர் பயணம் செய்பவருக்குப் பொருந்தாது. உத்தரவாதம் வேண்டுமா என்ற கேள்விக்கும் விடை இங்கிருந்தே தொடங்குகிறது.

பால் மிகுதியாக இருப்பதுபோல் காட்டப் பல வேளை கறக்காமல் மடியைக் கட்டி வைத்து விற்ற பிராணியை, மூன்று நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்க வாங்கியவருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உரிமை அளித்தார்கள். கிலோமீட்டர் மீட்டரைத் திருப்பி வைத்தலும், புகையை மறைக்கக் கெட்டியான எண்ணெய் ஊற்றுதலும் இந்த மடி கட்டும் வேலையின் இன்றைய உருவங்களே. வியாபாரத்தில் அடிக்கடி ஏமாற்றப்பட்ட ஒரு தோழருக்கு, ஏமாற்று இருத்தல் கூடாது என்று சொல்லி வாங்கும்படியும், மூன்று நாள் அவகாசம் உண்டென்றும் வழிகாட்டப்பட்டது. இந்த வழியை நாமும் பின்பற்றலாம். "மூன்று நாள் ஓட்டிப் பார்க்கிறேன், ஒத்துவராவிட்டால் திருப்பித் தருவேன்" என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேளுங்கள். காரின் மீது நம்பிக்கை உள்ள விற்பனையாளர் இதற்கு எளிதில் இசைவார்.

வாங்கிய பின் பழைய குறை ஒன்று வெளிப்பட்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமையைக் கியாருல் ஐப் என்பர் சட்ட அறிஞர். ஷாஃபிஈ மத்ஹபில் குறையை அறிந்தவுடன் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். அறிந்த பின்னும் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால் உரிமை போய்விடும். "எந்தக் குறைக்கும் நான் பொறுப்பில்லை, உள்ளபடி வாங்கிக்கொள்" என்ற நிபந்தனையை ஹனஃபி மத்ஹப் ஏற்கிறது. ஷாஃபிஈ மத்ஹபோ விற்பவர் அறியாத, பிராணியின் உள்ளே மறைந்த குறையோடு அதை வரையறுக்கிறது. சட்டத்தில் இவ்வேறுபாடு இருப்பினும், அறிந்த குறையை மறைப்பது பாவம் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

கட்டணம் செலுத்தி வாங்கும் தாள்

தனிக் கட்டணத்துக்கு உத்தரவாதம் வாங்குவது மார்க்கத்தில் கூடுமா என்ற கேள்வி இங்கே எழும். விற்பவரே காரின் விலைக்குள் அடக்கித் தரும் உத்தரவாதத்தை, பொருளின் தரத்துக்கு அவர் ஏற்கும் பொறுப்பாகவே இக்கால அறிஞர்கள் பலர் கருதுகின்றனர். அதற்குத் தடை கூறுவதில்லை. தனி நிறுவனம் தனிக் கட்டணம் பெற்றுத் தரும் ஒப்பந்தத்தை வர்த்தகக் காப்பீட்டின் இனமாகவே பலர் கருதுகின்றனர். கொடுப்பது உறுதி, பெறுவது உறுதியில்லை என்னும் கரர் அதில் இருக்கிறது என்பது அவர்கள் காட்டும் காரணம். ஜித்தாவிலுள்ள சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1985இல் வர்த்தகக் காப்பீட்டைத் தடுத்து, ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீட்டை அனுமதித்தது. மாற்றுக் கருத்து உடையோரும் உளர். உங்கள் தாளைக் கையோடு எடுத்துச் சென்று, நீங்கள் நம்பும் ஆலிமிடம் காட்டித் தெளிவு பெறுங்கள். உத்தரவாதக் கட்டணத்தைக் கார்க் கடனோடு சேர்த்துத் தவணையாக்கும் ஏற்பாட்டில் அந்தத் தொகைக்கும் வட்டி ஏறும் என்பதையும் மறவாதீர்கள்.

வெள்ளம் கண்ட கார்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் தத்தளித்தன. அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலால் சென்னை நீரில் நின்றது. 2015 டிசம்பரிலும் அந்நகரம் அவ்வாறே மூழ்கியது. நீரில் மூழ்கிய கார்கள் எல்லாம் உடைப்புக் கடைக்குப் போய்விடுவதில்லை. கழுவித் துடைத்து, இருக்கை உறை மாற்றி, வேறு ஊர்களில் விற்பனைக்கு வருவனவும் உண்டு. இத்தகைய காருக்கு எந்த உத்தரவாதத் தாளும் துணை நில்லாது. நீரால் நேர்ந்த கேட்டை விலக்கும் வரி பின்பக்கத்தில் இருக்கும்.

ஆகவே கண்ணும் மூக்கும் செய்ய வேண்டிய வேலையைத் தாளிடம் விட்டுவிடாதீர்கள். தரைவிரிப்பைத் தூக்கி அடியில் வண்டல் படிந்துள்ளதா என்று பாருங்கள். இருக்கை பொருந்தியிருக்கும் தண்டவாளத்தில் துரு ஏறியிருக்கிறதா? சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். மேற்பகுதி தூய்மையாகவும் அடிப்பகுதி சேற்றுக் கறையோடும் இருந்தால் அது வெள்ளத்தின் சாட்சி. கண்ணாடிகளை மூடிச் சிறிது நேரம் உள்ளே அமருங்கள். ஈர நாற்றமும், அதை மறைக்கும் மிகையான நறுமணமும் செய்தி சொல்லும். பின்னர், விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரை உரிய கூலி கொடுத்து அழைத்துச் சென்று காட்டுங்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது முதன்முறையாக இயக்கிப் பார்ப்பது நல்லது. சர்வீஸ் பதிவுகளில் உள்ள கிலோமீட்டரும் மீட்டரிலுள்ள கிலோமீட்டரும் ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள். இச்சோதனைக்கு ஆகும் செலவு உத்தரவாதக் கட்டணத்தில் ஒரு சிறு பங்கே.

அறிஞரும் சட்டமும்

ஜார்ஜ் அகர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1970இல் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காரின் உண்மை நிலை விற்பவருக்குத் தெரியும்; வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் நல்ல காருக்கும் கெட்ட காருக்கும் ஒரே விலைதான் கேட்கப்படும். அந்த விலைக்கு விற்க மனமின்றி நல்ல கார் வைத்திருப்பவர் விலகிவிடுவார். சந்தையில் கெட்டவை மிஞ்சும். 2001இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். ஒருவர் உண்மையை மறைத்தால் சந்தை முழுவதும் கெடும் என்பதற்கு இது அறிவுலகச் சான்று. அமெரிக்காவில் 1985 முதல், பழைய கார் வியாபாரி உத்தரவாதம் உண்டா, உள்ளபடி விற்கிறாரா என்பதைக் காரின் கண்ணாடியிலேயே எழுதி ஒட்ட வேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. நாமும் ஒரு தாளில் அதே விவரங்களை எழுதி, விபத்து நேர்ந்ததா, வெள்ளம் கண்டதா, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற கேள்விகளுக்கு விற்பவரின் விடையையும் கையெழுத்தையும் பெறலாம்.

நம் நாட்டின் 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம், வாங்குபவரே விழிப்பாக இருக்க வேண்டும் என்ற கொள்கையை அடிப்படையாகக் கொண்டது. அதற்குச் சில விலக்குகளும் உண்டு. வியாபாரியிடம் வாங்கிய காரில் குறையிருந்தால், அல்லது உத்தரவாதத்தைக் கொடுத்துவிட்டு மறுத்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் முறையிடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணம் இல்லை. வாய்மொழி வாக்குறுதிகள் அங்கே எளிதில் நிலைபெறா. ரசீதும் எழுத்துமே பேசும்.

முடிவாக

தயாரித்த நிறுவனத்தின் உத்தரவாதம் மிச்சமிருந்தால் புதிதாக ஒன்று வேண்டாம். விற்பவரே விலைக்குள் அடக்கித் தந்தால் மகிழ்வோடு பெற்றுக்கொள்ளுங்கள். அதற்காக விலையில் சிறிது கூடினாலும் தவறில்லை. மிகவும் பழைய, எளிய அமைப்புடைய, ஊரிலுள்ள எந்த மெக்கானிக்கும் பழுதுபார்க்கக் கூடிய காருக்குத் தனித் தாள் தேவையில்லை. அப்பணத்தை ஒதுக்கி வையுங்கள். மின்னணுப் பாகங்கள் மிகுந்த, உதிரிப் பாகங்கள் விலை உயர்ந்த காராக இருந்து, பெருஞ்செலவைத் தாங்கும் சேமிப்பும் இல்லையென்றால், அத்தகைய கார் நமக்குத் தேவையா என்றே முதலில் எண்ணிப் பாருங்கள். அதன் பின்னும் தாள் வேண்டுமென்று தோன்றினால், மார்க்கத் தெளிவு பெற்று, பின்பக்கம் படித்து, உச்சவரம்பு அறிந்து வாங்குங்கள். சோதிக்காத காருக்கு மட்டும் உத்தரவாதத்தை மாற்றாகக் கொள்ளாதீர்கள்.

இறுதியாக ஒன்று. இன்று வாங்குகிற நீங்கள் ஐந்தாண்டு கழித்து விற்கப் போகிறீர்கள். அன்று எஞ்சினின் ஓசையில் உள்ள மாற்றம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எதிரில் நிற்பவருக்குத் தெரியாது. அவர் பின்னாலும் வயதான தாயும், பள்ளி செல்லும் பிள்ளைகளும், நகை விற்ற பணமும் இருக்கக் கூடும். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவாக்கினால் அவ்வியாபாரத்தில் பரகத் உண்டு என்றும், மறைத்தால் அது அழிக்கப்படும் என்றும் நபிமொழி நமக்கு அறிவிக்கிறது. "இந்தக் காரில் இன்ன குறை இருக்கிறது" என்று நீங்கள் வாய்திறந்து சொன்னால் விலையில் சில ஆயிரம் குறையலாம். ஆனால் வாங்கிச் செல்பவருக்கு எந்த நிறுவனமும் தர முடியாத உத்தரவாதத்தை நீங்கள் கொடுத்தனுப்பியவர் ஆவீர்கள்.